செக் பாஷையும் பட்டறைத் தமிழும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் கார் உற்பத்தி செய்துவரும் ஹூண்டாய் நிறுவனம், பத்து ஆண்டுகளுக்குப் பின், செக் நாட்டின் கிழக்குப் பகுதியில் நொஷொவித்ஸெ என்னும் கிராமத்தில், முட்டைக்கோசு விளைச்சலுக்குப் பேர்போன வயல்வெளியில், தன் ஐரோப்பியத் தொழிற்சாலையைத் திறந்தது. சுங்குவார்சத்திரத்தில் கைபேசி செய்யும் பாக்ஸ்கானுக்கு, அதே நாட்டின் பார்துபித்ஸெ நகரில் 2000-ஆம் ஆண்டு முதலே ஓர் ஆலை உண்டு. இருங்காட்டுக்கோட்டை அமைந்த, ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஸ்ரீபெரும்புதூர்த் தாலுகாவும், ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கும் நொஷொவித்ஸெ கிராமமும் ஒரே முதலாளியின் கீழ் ஒரே தொழிலைச் செய்கின்றன என்பது வியாபாரிகளுக்குப் பழகிப்போன செய்தி. ஆனால் இங்கே தமிழ் பேசிக்கொண்டு காருக்குக் கதவு பொருத்துகிறவனும், அங்கே செக் பாஷை பேசிக்கொண்டு அதே காரியத்தைச் செய்கிறவனும், ஒருவன் பேச்சை மற்றவன் ஒருநாளும் காதால் கேட்டிருக்க மாட்டான். அந்தப் பாஷையைப் பற்றித் தமிழர் அறிந்துகொள்ள வேண்டுவது நிறைய உண்டு என்று நான் பல காலமாக எண்ணி வருகிறேன். ஏட்டு வழக்குக்கும் வாய் வழக்குக்கும், பண்டிதனுக்கும் பட்டறைக்காரனுக்கும் இடையே என்ன உறவு இருக்க வேண்டும் என்ற விவகாரத்தை, நாம் இன்னும் தீர்த்துக்கொள்ளாத அந்த விவகாரத்தை, அவர்கள் நம்மைக் காட்டிலும் நிதானமாக விவாதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

செக் என்பது ஸ்லாவ் குடும்பத்தின் மேற்குக் கிளையைச் சேர்ந்த பாஷை. ஸ்லோவாக் அதற்கு உடன்பிறப்பு, போலிஷ் நெருங்கிய பங்காளி. அதைப் பேசுவோர் ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்டவர்களே. தமிழ்நாட்டு ஜனத்தொகையில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நம் இலக்கணம் கற்றவன் அதைக் கேட்டால் முதலில் திகைப்பான். உயிரெழுத்தே இன்றி மெய்கள் மட்டும் சேர்ந்து ஒரு முழுச் சொல்லாக நிற்பதை அவன் எங்கும் கண்டிருக்க மாட்டான். ஓநாயைக் குறிக்கும் 'வ்ல்க்' என்பது அத்தகைய சொல். அங்கே லகர மெய்யே உயிரின் ஸ்தானத்தை வகிக்கிறது. வடமொழியில் ஓநாய்க்கு வழங்கும் 'வ்ருக' என்னும் சொல்லும் இந்தச் செக் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. ஓநாயின் வயிறு படைத்தவன் என்று பீமசேனனை விருகோதரன் என்கிறோமே, அந்தச் சொல்லின் முற்பகுதிக்குப் பிராக் நகரத்தில் உறவினர் உண்டு என்று அறியும்போது, பாரதம் படித்து வளர்ந்தவனுக்கு அந்தப் பாஷை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

திகைப்பு தணிந்தபின் தெரிவன நமக்கு இணக்கமான லக்ஷணங்கள். குறில் நெடில் வேற்றுமை அங்கே அர்த்தத்தையே மாற்றுகிறது: 'பித்' என்றால் குடியிருக்கும் வீடு, 'பீத்' என்றால் இருத்தல். வேற்றுமைகள் ஏழு; அவற்றுள் ஒன்று விளி. ருஷ்ய பாஷை பெரும்பாலும் இழந்துவிட்ட இந்த விளிவேற்றுமையைச் செக் பாஷை இன்றுவரை வீட்டிலும் வீதியிலும் உயிரோடு வைத்திருக்கிறது. கரெல் என்பவனைக் கூப்பிடும்போது 'கர்லெ' என்றே கூப்பிட வேண்டும். விளிக்கென்றே ஒரு மரபை வகுத்து ஓர் இயலைத் தந்த தொல்காப்பியரின் வழிவந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். தொழிற்சாலையில் மேஸ்திரிக்கு அங்கே 'மிஸ்த்ர்' என்று பெயர். மேஸ்திரியும் மிஸ்த்ரும் வெவ்வேறு வழிகளில் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அவரை அழைக்கும்போது ஈற்று ரகரம் விகாரப்பட்டு, நாக்கின் நுனி துடித்துக்கொண்டிருக்கும்போதே ஷகரமும் கலந்து ஒலிக்கும் ஒரு விசித்திர எழுத்தாகிவிடுகிறது. செக் குழந்தைகள் கடைசியாகக் கற்பது அந்த ஒலிதான்; பிறநாட்டார் நாவில் அது லேசில் ஏறுவதில்லை. நாம் ழகரத்தைப் பற்றிப் பேசும் அதே வாஞ்சையோடு அவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த ஒலிகளுக்கு எழுத்து வகுத்த சரித்திரம் உன்னதமானது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிராக் நகரத்துப் பெத்லகேம் ஆலயத்தில் ஜனங்களின் பாஷையிலேயே பிரசங்கம் செய்துவந்த யான் ஹூஸ் என்னும் சமயச் சீர்திருத்தக்காரர், ரோமானிய லிபி செக் ஒலிகளுக்குப் போதாது என்று கண்டு, எழுத்தின்மேல் ஒரு புள்ளியும், நெடிலுக்கு ஒரு சிறு கோடும் இடும் முறையை வகுத்தார் என்பது மரபு. ஒரு புள்ளியால் எழுத்தின் இயல்பைக் குறிக்கலாம் என்னும் யுக்தியைத் தமிழ் இலக்கணிகள் மெய்யெழுத்துக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கையாண்டிருந்தார்கள். எகர ஒகரங்களின் குறில் நெடில்களைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும்படி வீரமாமுனிவர் செய்த திருத்தமோ ஹூஸுக்கு முந்நூறு ஆண்டு பிந்தியது. ஹூஸ் 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் இட்ட புள்ளி காலப்போக்கில் சிறு கொக்கி வடிவாகி இன்றும் ஒவ்வொரு செக் பத்திரிகையிலும் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்த ராமாநுஜரின் சம்பிரதாயம், திராவிட வேதத்தையும் சம்ஸ்கிருத வேதத்தையும் சரிநிகராக வைத்து உபய வேதாந்தம் என்று போற்றியதையும், அவர் ஆணையின்படி அவருடைய சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு உரை வரைந்ததையும் நினைக்கும்போது, ஜனங்களின் பாஷையைத் தெய்வ சந்நிதியில் நிறுத்தியது நம் ஊர்க்காரர்க்கு எவ்வளவு பழைய தர்மம் என்பது புலப்படும்.

1620-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிராகுக்கு அருகில் வெள்ளைமலை யுத்தத்தில் பொஹீமியப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் சேனையிடம் தோற்றார்கள். அதன்பின் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள், கற்றோரும் அதிகாரமும் ஜெர்மன் பக்கம் சாய, செக் என்பது உழவனும் வேலைக்காரியும் பேசும் பாஷையாகச் சுருங்கியது. நாட்டை விட்டு வெளியேறியவர்களுள் கொமென்ஸ்கி ஒருவர். கொமேனியுஸ் என்ற லத்தீன் பெயரால் உலகம் அறிந்த கல்வி ஞானி. அவர் 1658-இல் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்துஸ்' என்னும் படப் பாடநூலின் விசேஷத்தை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பக்கத்தில் கொல்லன் பட்டறை என்று வைத்துக்கொள்வோம்: மரச்செதுக்குப் படத்தில் உலை, துருத்தி, பட்டடை, சம்மட்டி, இடுக்கி ஆகிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண், கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் வாக்கியங்கள், வாக்கியத்தில் அந்தப் பொருளின் பெயர் வரும் இடத்தில் அதே எண். குழந்தை பொருளைப் பார்த்து, எண்ணைத் தொட்டு, சொல்லைப் பெறுகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே உள்ள ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் அஸெம்பிளி லைனின் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு மேலும் வேலைமுறைத் தாள் ஒன்று தொங்குமே, போட்டோவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு எந்தப் போல்ட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும் என்று காட்டுமே, அது கொமென்ஸ்கியின் முறையேயாகும். ஒரே பேதம், கொமென்ஸ்கி கற்பவனின் சொந்தப் பாஷையைத் தாளிலிருந்து நீக்கவில்லை. நம் தாள்களில் படம் இருக்கிறது, எண் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. சில இடங்களில் கொரியமும் இருக்கிறது. தமிழ் பெரும்பாலும் பாதுகாப்பு அறிவிப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு வரும் பத்தொன்பது வயதுப் பையன் அந்தத் தாளைப் படத்தாலும், பக்கத்தில் நிற்கும் அண்ணன் வாயாலும்தான் கற்றுக்கொள்கிறான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செக் மறுமலர்ச்சி தொடங்கிற்று. அதன் பிதாமகரான தொப்ரொவ்ஸ்கி 1809-இல் தம் பாஷைக்கு விரிவான இலக்கணம் எழுதினார். அதை ஜெர்மன் பாஷையில் எழுதினார் என்பதே அந்தக் காலத்தின் அவல நிலையைக் காட்டப் போதுமானது. அவருக்குப் பின் யுங்மன் 1835 முதல் 1839 வரை ஐந்து பெரும் பாகங்களில் செக்-ஜெர்மன் அகராதியை வெளியிட்டார். வழக்கில் சொல் இல்லாத இடத்தில் போலிஷிலிருந்தும் ருஷ்யத்திலிருந்தும் எடுத்தும், பழைய வேர்களிலிருந்து புதிதாக ஆக்கியும் நிரப்பினார். 1883-இல் பிராக் நகரத்துத் தேசிய நாடக அரங்கு தீ விபத்திலிருந்து மீண்டு திறக்கப்பட்டபோது, அதற்காகச் செக் ஜனங்கள் தாங்களே பணம் திரட்டியிருந்தார்கள்.

இவர்கள் எல்லாரிலும் என் அபிமானத்துக்கு உரியவர் ப்ரெஸ்ல் என்னும் விஞ்ஞானி. தாவர சாஸ்திரத்துக்கும் ரசாயனத்துக்கும் செக் பாஷையில் பெயர்களை ஆக்கியவர் அவர். நீர் என்னும் சொல்லிலிருந்து ஹைட்ரஜனுக்கும், புளிப்பு என்னும் சொல்லிலிருந்து ஆக்ஸிஜனுக்கும் அவர் காலத்தில் அமைந்த பெயர்களையே செக் மாணவன் இன்றும் படிக்கிறான். பின்வந்த ரசாயன வித்வான்கள் அதைச் செப்பனிட்டு, ஒரு மூலகத்தின் இணைதிறன் ஒன்று முதல் எட்டு வரை எதுவாயினும் அதைச் சொல்லின் விகுதியே காட்டும்படி ஒரு முறையை நிலைநிறுத்தினார்கள். கரியைக் குறிக்கும் சொல்லோடு 'நதீ' என்னும் விகுதி சேர்ந்தால் அது மூடிய அறையில் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடு; 'இச்சிதீ' என்னும் விகுதி சேர்ந்தால் நாம் வெளிவிடும் கார்பன் டையாக்ஸைடு. இலக்கணமே ரசாயனத்துக்கு ஊழியம் செய்கிறது! விகுதிகளின் செல்வத்தில் செக் பாஷைக்குச் சற்றும் இளைக்காத தமிழில் இத்தகைய காரியம் நடந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு. முயற்சி நடக்காமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க வைத்தியரான சாமுவேல் கிரீன் வைத்திய நூல்களைத் தமிழில் தந்தார்; 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கமே நிறுவினார்கள்; பெரியசாமித் தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் பத்து தொகுதிகளாக வந்தது. ஆயினும் பரீக்ஷைக் கூடத்திலும் பட்டறையிலும் அந்தச் சொற்கள் நாளும் புழங்கும் வாய்ப்பை நாம் அவற்றுக்கு அளிக்கவில்லை.

மறுமலர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. தொப்ரொவ்ஸ்கி தம் இலக்கணத்துக்குப் பிரமாணமாகக் கொண்டது தம் காலத்துப் பேச்சை அன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் க்ரலித்ஸெ என்னும் ஊரில் அச்சான விவிலிய மொழிபெயர்ப்பின் நடையை. இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டில் வாய்ப்பேச்சு எங்கோ போய்விட்டிருந்தது. ஆகவே செக்காரனுக்கு இன்று இரண்டு செக் இருக்கின்றன: புத்தகமும் செய்தியறிக்கையும் வழங்கும் செந்நடை ஒன்று; பிராகிலும் பொஹீமியாவிலும் வீட்டிலும் மதுக்கடையிலும் வழங்கும் பொதுவழக்கு ஒன்று. 'நல்ல' என்பதற்குப் புத்தகத்தில் 'தொப்ரீ', பேச்சில் 'தொப்ரெய்'. 'வந்துவிட்டது' என்று எழுதி 'வந்துடுச்சு' என்று பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டுவதில்லை.

தொழிற்சாலை இந்தப் பிளவைப் பின்னும் அகலமாக்கிற்று. பொஹீமியாவின் இயந்திரத் தொழில் பெருகியபோது பட்டறையில் ஜெர்மன் சொற்கள் நிறைந்தன. ஷிப்டுக்குச் செந்நடையில் 'ஸ்ம்யெனா' என்று சொல் இருக்க, தொழிலாளி ஜெர்மனிலிருந்து 'ஷிஹ்தா' என்று எடுத்துக்கொண்டான். ஆயுதங்களுக்கு 'நார்ஷதீ' என்று நல்ல சொல் இருக்க, 'வெர்த்ஸய்க்' என்றான். வெர்னியர் அளவுகோலுக்குப் பாடநூலில் நீண்ட பெயர் ஒன்று நிற்க, 'ஷுப்லெரா' என்று கேட்டு வாங்கினான். ஆனால் கவனியுங்கள்: ஷிஹ்தா என்னும் சொல் செக் வேற்றுமை உருபுகள் அனைத்தையும் ஏற்று, பன்மை பெற்று, பெண்பால் பெயராக நடக்கிறது. அந்நியச் சொல் வந்தது. இலக்கணம் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில், முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பஸ்கள் வரிசையாக வரும் நேரத்தில், டீக்கடை ஓரமாக நின்று காது கொடுத்தால் இதே இயல்பைக் கேட்கலாம். "பர்ஸ்ட் ஷிப்டுல லைன் நின்னுடுச்சுண்ணே, மெயின்டனன்ஸ் ஆளு வர்றதுக்குள்ள அரை மணி போச்சு" என்கிறான் ஒருவன். "டார்க் செக் பண்ணிட்டுதான் பெயின்ட் மார்க் போட்டேன், அப்புறமும் ரிஜெக்ட்டுன்னு தள்ளிட்டாங்க" என்கிறான் மற்றொருவன். தொழிலைச் சார்ந்த பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆங்கிலம். ஆனால் இடப்பொருளும், காலமும், முற்றும், எச்சமும், கோபமும், மரியாதையும் முழுக்கத் தமிழ். 'போட்டேன்' என்பதில் தன் பொறுப்பும் 'தள்ளிட்டாங்க' என்பதில் தன் ஆதங்கமும் எவ்வளவு நுட்பமாகப் பிரிந்து நிற்கின்றன! பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பக்கத்து ஸ்டேஷனில் நிற்கும் இளைஞனும் இந்தப் பேச்சைத்தான் கற்கிறான். அவன் முதலில் பெறும் தமிழ்ச் சொல் 'அண்ணா' என்பதே. இதைக் கேட்டுத் தமிழ் அழிந்ததென்று பிரலாபிப்பவர்கள் இலக்கணத்தைக் கவனிக்கவில்லை என்றே சொல்வேன்.

பிராகில் 1926-இல் மதேஸியுஸ் என்னும் பேராசிரியர் தலைமையில் கூடிய மொழியியல் கழகம், ரோமன் யாகப்ஸன் போன்ற மேதைகளைத் தன்னிடத்தே கொண்டிருந்தது. அப்போது 1917 முதல் வெளிவந்த 'நாஷெ ர்ஷெச்' என்னும் பத்திரிகை, நம் தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கிய அதே ஆர்வத்தோடு, நூலாசிரியர்களின் நடையில் ஜெர்மன் சாயலைத் தேடித்தேடிக் கண்டித்து வந்தது. கழகத்தார் 1932-இல் செந்நடையைப் பற்றிய சொற்பொழிவுகளை நிகழ்த்தி நூலாகவும் வெளியிட்டார்கள். பழமை மாத்திரமே சுத்தத்துக்கு அளவாகாது, சமகாலத்து நல்லாசிரியர்களின் வழக்கே பிரமாணம், செந்நடை தான் செய்ய வேண்டிய காரியத்துக்குத் தகுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி என்று அவர்கள் வாதித்தார்கள். யுங்மனையும் ப்ரெஸ்லையும் அவர்கள் அவமதிக்கவில்லை. அவ்விருவரும் ஆக்கித் தந்த சொற்களிலேயே அந்த வாதத்தை எழுதினார்கள். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் தியாகத்தால் தமிழ் அடைந்த பயனை மறுப்பவன் நன்றி கெட்டவன் ஆவான். ஆனால் வேலைமுறைத் தாளைத் தமிழில் எழுதப் புகுபவர், போல்ட்டுக்கும் ஸ்பேனருக்கும் அகராதியில் பிறந்த பெயரைச் சூட்டித் தொழிலாளியைத் திகைக்கவைப்பதை விட, அவன் வாயில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு, "இதை முடுக்கிய பின் அதைப் பொருத்து" என்னும் கட்டளையைத் தெளிந்த தமிழில் தருவதே தர்மம் என்பது என் தீர்மானம்.

ஒரகடத்துத் தொழிற்பேட்டையில் தினந்தோறும் ஒலிக்கும் செக் சொல் ஒன்றும் உண்டு. வெல்டிங் ஷாப்பில் தீப்பொறி பறக்கக் கை நீட்டி வேலை செய்யும் ரோபோவின் பெயர் அது. கரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்துக்காக, அவர் தமையனார் யோசெப் சொல்லிக் கொடுத்த பெயர். குடியானவன் பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய உழைப்புக்கு அங்கே 'ரொபொதா' என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்று வருவதும் அதற்கு இணையானதே. பொஹீமியாவில் 1848-இல்தான் அந்தக் கொடுமை ஒழிந்தது.

தமிழை இவ்வளவு பரிவோடு கற்ற அந்நியருள் ஒரு செக்காரர் முன்னிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றுவதில்லை. 1927-இல் பிராகில் பிறந்த கமில் ஸ்வெலபில், சிலப்பதிகாரத்தைச் செக் பாஷையில் பெயர்த்து 1965-இல் தந்தார். 1968-இல் சோவியத் சேனை பிராகினுள் புகுந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, நெதர்லாந்தில் பேராசிரியராக விளங்கி, 2009-இல் மறைந்தார். அவருடைய 'முருகனின் முறுவல்' என்னும் ஆங்கில நூல் சங்க இலக்கியத்தை மேற்கு உலகத்தார்க்கு அறிமுகம் செய்த நூல்களுள் தலைசிறந்தது. அவரோடு சேர்ந்து தமிழின் சரித்திர இலக்கணம் எழுதிய யாரொஸ்லாவ் வாத்ஸெக், 2017-இல் காலமாகும் வரை பிராக் சர்வகலாசாலையில் தமிழ்க் கல்வியைக் காத்து நின்றார். நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. ஸ்வெலபில் 1959-ஆம் ஆண்டு முதலே தமிழின் வட்டார வழக்குகளைப் பற்றிப் பிராக் நகரத்து ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதினார். நீலகிரி இருளர் பேச்சைக் கேட்டு அதற்கு இலக்கணம் வகுத்தார். தமிழ்ப் புலவர்களில் பலர் கொச்சை என்று ஒதுக்கியதை, இரண்டு செக்கோடு வளர்ந்த அந்த மனிதர் இலக்கணம் உள்ள பேச்சாகக் கேட்டார். கொடுந்தமிழுக்குத் தனி இலக்கணம் எழுதிய வீரமாமுனிவருக்குப் பின் இந்தக் காரியத்தை இவ்வளவு விரிவாகச் செய்த ஐரோப்பியர் மிகச் சிலரே.

இன்று அத்தகைய செவிக்கு உரிய இடம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வல்லம் வடகால். பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி ஒன்று 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்டது. தமிழகத்தின் தெற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்த பெண்கள் ஒரே அறையில், ஒரே சாப்பாட்டுக் கூடத்தில், ஒரே பஸ்ஸில் பழகும்போது, "வாரேன்" என்கிறவளும் "வர்றேன்" என்கிறவளும் எந்த வடிவத்தில் சந்திக்கிறார்கள்; ஊரில் அக்காளும் மயினியும் என்று முறை வைத்துப் பேசியவள் சூப்பர்வைசரிடம் எந்த மரியாதை விகுதியை ஆள்கிறாள்; ஆங்கிலச் சொற்களில் எவை உகர ஈறு பெற்று நிலைக்கின்றன, எவை உதிர்கின்றன என்பதை எல்லாம் எழுதி வைக்க மொழியியல் மாணவர் சிலருக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், பேசுபவரின் சம்மதமும், ஓராண்டு அவகாசமும் இருந்தால் போதும். அந்தப் பெண்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டுக் கல்யாணத்துக்காக ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு மாவட்டத்துப் பெண்கள் வருகிறார்கள். ஆகையால் இந்த வேலையை வருகிற கல்வியாண்டிலேயே தொடங்குவது நல்லது.